புதன்கிழமைக்காரர்

விலைப்பட்டியலில் பார்த்தேன்:
ஓக் மரச் சட்டம், இரும்புத் திருகு, இருபது லீற்றர்க் கூடை,
எழுநூற்றி எண்பது பிராங்.
ஜெயரூபி கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டாள்.
"கடையில சாறு லீற்றர் ஒன்று தொண்ணூற்றைந்து.
நானூறு லீற்றர் குடிச்சால்தான் முதல் வரும்.
அதுவரைக்கும் உயிரோடிருப்பம் எண்டு எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுக்கவில்லை.
ஆனால் அம்ரிஸ்வில் றோட்டு நெடுக
மாடும் தின்னாமல், ஆளும் பொறுக்காமல்
குளவிகளுக்குப் பந்தி விரித்துக் கிடந்த அப்பிள்களைத்
தாண்டி வேலைக்குப் போக
என்னால் ஏலவில்லை.

அந்தக் கிழமைதான் சலவையறை மெஷின் செத்தது.
எட்டு வீட்டுக்கும் பொதுவானது.
புதன் எங்களுடையது, காலை ஏழு முதல் மாலை ஏழு.
பதினொரு வருடமாக அந்த அட்டவணை
சுவரில் சாதகம்போலத் தொங்கியது.
கீழே ஃபிறாவ் கெர்ஸ்டர் ஒட்டும் சிறு தாள்கள்:
வடிகட்டியில் பஞ்சு கிடக்கிறது.
புதன்கிழமைக்காரர் கவனிக்கவும்.
எங்கள் பெயரை அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன வடிவான உருளை!
துருவேறாத இரும்பு, உடம்பெல்லாம் கண்.
எட்டு வீட்டு அழுக்குத் தண்ணீரும் போன வழி,
சாறு போகாதா?

கராஜிலிருந்து இருபது தொன் ஜக்.
யாரோ சமையலறை மாற்றி எறிந்த பீச் மரப் பலகை.
நானே ஒட்டிய இரும்புச் சட்டம்.
அந்த ஒட்டை லொறிக்குப் போட்டிருந்தால்
வேலை போயிருக்கும்.
சனி இருட்டில் முடித்தேன். ஞாயிறு
இந்த நாட்டில் சுத்தியலுக்கும் ஓய்வு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கள்
அப்பிளை நாலாய் வெட்டிக் கொட்டி
ஜக்கை அடித்தேன், அடித்தேன்.
சட்டம் முனகியது. ஒரு நட்டு தெறித்து
யாருடையதோ சைக்கிள் மணியில் பட்டது.
வந்தது அரைக் கிளாஸ்.
ஜெயரூபி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இன்னும் முந்நூற்றித் தொண்ணூற்றொன்பது
புள்ளி ஒன்பது."

முழு அப்பிளை எத்தனை தொன்னும் மசிக்காது.
அரைக்க ஆலை இல்லை. உறைய வைத்தேன்.
அறக்குளா மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில்
இரண்டு இரவு கல்லாய்க் கிடந்தது.
இளகியபோது உள்ளே எல்லாச் சுவரும் இடிந்திருந்தது.
பிறகு ஜக் இரண்டு அடி,
எல்லாக் கண்ணாலும் ஒரே நேரம்
சாயத் தேநீர் நிறத்தில் பெய்தது.

சத்தம் கேட்டுக் கெர்ஸ்டர் இறங்கி வந்தார்.
உருளையை அடையாளம் கண்டார்.
குனிந்து உள்ளே பார்த்தார். எனக்குப்
பஞ்சு ஞாபகம் வந்தது.
"கழுவினீர்களா?"
"மூன்று தரம். சோடா போட்டு."
கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார், குடித்தார்,
நாக்கால் பல்லைத் தடவினார்.
"இனிப்பு மட்டும்தான் இருக்கிறது. போஸ்கோப் கலக்க வேண்டும்.
தங்கச்சி வீட்டில் ஒரு மரம் நிற்கிறது."

இருபது லீற்றரைப் புளிக்க வைத்தது நிலவறையில்,
ஒவ்வொரு கட்டடத்துக்கும் இவர்கள் கட்டிவைத்த
அரை முழத் தடிப்புக் கொங்கிறீற் கதவுக்குப் பின்னால்.
பங்கர். அந்தச் சொல்லை
நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்றிருந்தேன்.
இங்கே ஏற்கெனவே இருந்தது,
காற்று வடிகட்டியோடு,
ஒருநாளும் பாவிக்காமல்.

முதல் இரவு தனியே உள்ளே நின்றேன்.
ஒரு குமிழி.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
ஒரு குமிழி.
இடைவெளியை எண்ணிக்கொண்டிருந்தேன்,
எப்போது எண்ணத் தொடங்கினேன் என்று தெரியாமல்,
ஜெயரூபி வந்து லைற்றைப் போடும்வரை.

நேற்றுச் சலவையறையில் புதுத் தாள்.
அடிமட்டம் வைத்துக் கீறிய எட்டுக் கட்டம்,
பிழியும் முறை.
வெள்ளி, சனி கெர்ஸ்டர், தங்கச்சியோடு.
புதனுக்கு நேரே எங்கள் பெயர்,
பதினெட்டு எழுத்தில் இரண்டு பிழையோடு
முழுதாக.
அதன் கீழே, சின்ன எழுத்தில்:
சக்கையை உடனே அகற்றவும்.